அருங்காட்சியகத்துக்கு ஒரு பள்ளிப் பயணம்: எதற்காக, எவ்வாறு என்னும் விவாதத்தின் வரலாறு

வினாவும் இடமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை ஒட்டி அமைந்துள்ள மகாராஜபுரம் போன்ற ஓர் ஊரின் பள்ளி தன் மாணவர்களை ஒரு நாள் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லத் தீர்மானிக்கும்போது, கல்வியியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக விவாதித்துவரும் ஒரு வினாவை அது எதிர்கொள்கிறது. வகுப்பறையில் கிடைக்காத எதை அந்தப் பயணம் கொடுக்க வேண்டும், அதைக் கொடுக்கும்படி அந்த ஒரு நாளை எவ்வாறு அமைக்க வேண்டும் என்பதே அவ்வினா. இதற்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் அளிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு விடையும் அருங்காட்சியகம் என்பது என்ன, வரலாறு என்பது என்ன, குழந்தை எவ்வாறு கற்கிறது என்பவை பற்றிய ஒரு முன்முடிவைத் தாங்கி நிற்பதால், அவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பது பயனுடையது.

நடைமுறையில் வேரூன்றிவிட்ட விடை ஒன்றும் உண்டு. விடியுமுன் புறப்படும் பேருந்தில் மதுரைக்குச் சென்று, மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் அரண்மனை, காந்தி நினைவு அருங்காட்சியகம் ஆகியவற்றை ஒரே பகலில் பார்த்து முடித்து இரவில் திரும்புவது என்பதே அது. ‘கல்விச் சுற்றுலா’ எனப்படும் இவ்வகைப் பயணத்திலிருந்து ‘களப்பயணம்’ என்பதைப் பிரித்தறிவது இக்கட்டுரைக்குத் தேவையாகிறது. ஒரு குறிப்பிட்ட கற்றல் நோக்கத்தை முன்வைத்து, அதற்கான ஆயத்தத்தோடும் தொடர்வேலையோடும் மேற்கொள்ளப்படும் பயணமே இங்குக் களப்பயணம் எனக் கொள்ளப்படுகிறது. வட்டார வரலாற்று அருங்காட்சியகம் என்பது ஒரு நிலப்பகுதியின் மக்கள், தொழில், வழிபாடு, ஆட்சி ஆகியவற்றின் எச்சங்களை அந்த நிலப்பகுதியோடு தொடர்புபடுத்திக் காட்டும் நிறுவனத்தைக் குறிக்கும்.

மகாராஜபுரத்துப் பள்ளி ஒன்றுக்கு எட்டக்கூடிய இடங்கள் குறைவல்ல. மாவட்டத் தலைநகரான விருதுநகரில் அரசு அருங்காட்சியகமும், 1903இல் அவ்வூரில் பிறந்த காமராஜரின் இல்லமும் உள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவிலுள்ள மதுரையில், இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் நேருவால் திறந்துவைக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகமும், அதே வளாகத்தில் 1981இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகமும் இருக்கின்றன. மதுரையைத் தாண்டினால், 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம். மாவட்டத்துக்குள்ளேயே, வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியுள்ளது. ஆகவே சிக்கல் இடமின்மையில் இல்லை. எந்த இடத்தில் எதைத் தேடுவது என்ற தெளிவில்தான் இருக்கிறது.

பாடத்துக்குச் சான்றாகப் பொருள்

முதல் நிலைப்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு உரியது. 1851இல் தொடங்கி, சில ஆண்டுகளில் எழும்பூரின் பாந்தியன் வளாகத்துக்கு மாறிய சென்னை அருங்காட்சியகம், உலகின் பொருள்களையெல்லாம் வகைப்படுத்தி ஒரே கூரையின்கீழ் நிறுத்திவிட்டால் பார்ப்பவர் தாமாகவே அறிவு பெறுவர் என்ற நம்பிக்கையில் பிறந்தது. கற்றறிந்தோர் வகைப்பாட்டைக் கண்ட அவ்விடத்தில் பொதுமக்கள் வியப்பைக் கண்டனர். ‘செத்த காலேஜ்’ என்று அவர்கள் அதற்கு இட்ட பெயர், நிறுவனம் எதிர்பார்த்த கல்விக்கும் மக்கள் பெற்ற அனுபவத்துக்கும் இடையே அன்றே இடைவெளி இருந்ததற்குச் சான்றாகும்.

பள்ளிக் கல்வி பரவியபோது இந்த நம்பிக்கை வேறொரு வடிவம் எடுத்தது. பாடநூல் சொல்வதைக் கண்ணால் காட்டும் இடமாக அருங்காட்சியகம் கருதப்பட்டது. முதுமக்கள் தாழி என்ற சொல்லைப் படித்த மாணவன் அங்கே தாழியைக் காண்பான். நடுகல் என்று படித்தவள் நடுகல்லைக் காண்பாள். இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. ஏழு வரிப் பத்தியாக மட்டுமே தெரிந்த ஒன்றுக்கு அளவும் கனமும் நிறமும் கிடைப்பது சிறிய செய்தியன்று. ஓர் ஆள் குந்தி அமரும் அளவுக்குப் பெரிய மட்கலத்தின் முன் நிற்கும் குழந்தை, எந்தப் படமும் தராத ஒன்றைப் பெறுகிறது.

ஆயினும் இந்நிலைப்பாட்டின் குறைகள் அழுத்தமானவை. பொருளைப் பாடத்தின் விளக்கப்படமாகச் சுருக்கும்போது, விடை முன்பே தெரிந்துவிடுவதால் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பொருள்களைத் தலைநகரில் குவித்த முறையும் இதனோடு சேர்ந்தே வந்தது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஈமக்களமான ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்ஸாண்டர் ரீ அகழ்ந்தவை சென்னைக்குச் சென்றன. தாமிரபரணிக் கரையில் பிறந்த குழந்தை தன் ஆற்றங்கரையின் ஈமப்பொருளைக் காண நூற்றுக்கணக்கான கி.மீ. பயணம் செய்ய வேண்டியிருந்தது. அங்கே சென்று பார்த்தபோதும் அப்பொருள் தன் நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, வகைப்பாட்டு எண் ஒன்றின்கீழ் நின்றது.

இதற்கு மாற்றாக, கண்டெடுத்த இடத்திலேயே காட்சிப்படுத்தும் அகழ்வைப்பகம் என்ற கருத்து 1910இல் கட்டப்பட்ட சாரநாத் அருங்காட்சியகம் போன்றவற்றில் உருப்பெற்றது. அதே ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்தவற்றைத் திரட்டித் தனக்கென ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. எனினும், 1936இல் மார்க்கமும் ஹார்கிரீவ்ஸும் இந்தியாவின் நூற்றுச் சொச்சம் அருங்காட்சியகங்களை ஆராய்ந்து நூல் வெளியிட்ட காலத்தில், இத்தகைய நிறுவனங்கள் நாட்டின் பரப்புக்கும் மக்கள்தொகைக்கும் மிகச் சிலவாகவே இருந்தன.

அண்மையிலிருந்து சேய்மைக்கு

இரண்டாவது நிலைப்பாடு கற்றலின் தொடக்கப் புள்ளியையே இடம் மாற்றியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடிஸ், எடின்பரோவில் 1892 முதல் தம் பொறுப்பில் வைத்திருந்த கோபுரக் கட்டடம் ஒன்றை வட்டார அருங்காட்சியகமாக மாற்றினார். அதன் உச்சியில் நின்று பார்வையாளர் முதலில் தம் நகரைப் பார்த்துவிட்டு, தளம் தளமாகக் கீழிறங்கித் தம் நாட்டையும் பின்னர் உலகையும் அறியும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. தமிழகத்தோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. நகரங்கள் பற்றிய அவருடைய கண்காட்சியை ஏற்றிவந்த கப்பல், சென்னைமீது குண்டு வீசிய அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனால் 1914இல் மூழ்கடிக்கப்பட்டது. மீண்டும் திரட்டிய பொருள்களைக் கொண்டு 1915இல் சென்னையில் அவர் கண்காட்சி நடத்தினார். மதுரை உள்ளிட்ட ஊர்களின் நகரமைப்பைப் பற்றியும் அறிக்கை எழுதினார். அமெரிக்காவில் ஜான் டூயி 1899இல் வெளியிட்ட நூலில், பள்ளிக்கூடத்தின் நடுவிலேயே அருங்காட்சியகத்தை வைத்து ஒரு திட்டம் வரைந்தார். 1937இல் வார்தாவில் உருவான காந்தியின் ஆதாரக் கல்வி, குழந்தையைச் சூழ்ந்துள்ள கைத்தொழிலையும் சமூகத்தையும் இயற்கையையும் பாடத்தின் ஊற்றாக்கியது. திண்டுக்கல் அருகே 1947இல் தொடங்கப்பட்ட காந்திகிராமம் அக்கல்வியின் தமிழகக் களங்களுள் ஒன்று. பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு அறிவை இணைப்பதை முதல் வழிகாட்டு நெறியாகச் சொன்ன 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் இந்த மரபின் வழிவந்ததே.

இந்நிலைப்பாட்டின்படி மகாராஜபுரத்து மாணவரின் பயணம் மதுரையில் தொடங்க வேண்டியதில்லை. கண்மாயின் மடையும் கலுங்கும், பிளவக்கல் அணைகள் வருவதற்கு முன் மலைநீர் எவ்வாறு பங்கிடப்பட்டது என்ற பெரியவர்களின் நினைவும், சதுரகிரிக்குச் செல்லும் யாத்திரிகர் வழியும் முதல் காட்சிக்கூடமாகலாம். சற்று அப்பால், மூவரைவென்றானில் முற்காலப் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தையும் நாயக்கர் காலத்து மாளிகையையும் பார்க்க வருபவர் பலர்; 1875இல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்வோர் அவ்வளவு பேர் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால், அச்சிட்ட நூல் ஒரு சிற்றூரின் பொதுச்சொத்தாக மாறிய கதையை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் கட்டடம் அவ்வட்டாரத்தில் வேறில்லை. ராஜபாளையத்தில், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண அரசுக்குத் தலைமை தாங்கிய பி. எஸ். குமாரசுவாமி ராஜா தம் வீட்டையே அளித்து உருவாக்கிய காந்தி கலை மன்றம் இருக்கிறது. பஞ்சாலைகளின் வரலாறும் அவற்றில் உழைத்த பெண்களின் வரலாறும் அந்நகரின் வீடுகளிலேயே கிடைக்கும்.

குறைகளும் உண்டு. எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்றும், சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்பதையே தடுத்துவிடும் என்றும் 1938இல் டூயியே எச்சரித்தார். கண்மாய்க் கரைக்குப் போய்வருவது என்ன கேள்வியோடு போகிறோம் என்பதைப் பொறுத்தே பாடமாகும். அண்மையிலிருந்து சேய்மைக்கு என்ற வரிசையையே கனடாவைச் சேர்ந்த கல்வியியலாளர் கீரன் ஈகன் மறுத்தார். அரக்கரையும் மந்திரவாதியையும் எளிதில் கற்பனை செய்யும் குழந்தைக்குத் தொலைவு தடையன்று, பழகிய பொருளே சில வேளைகளில் கண்ணுக்குத் தெரியாத பொருளாகிவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். நாள்தோறும் கண்மாயில் குளிக்கும் சிறுவன், வேறெங்கோ ஒரு பாசனக் கல்வெட்டைப் பார்த்த பின்னரே தன் கண்மாயைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கலாம். இந்த மறுப்பு அண்மை என்ற கொள்கையைத் தகர்த்துவிடவில்லை. எனினும் அருகிலிருப்பது மட்டும் போதும் என்ற முடிவுக்கு வருவதைத் தடுக்கிறது.

தாராளமாகப் பார்க்க விடுதல்

மூன்றாவது நிலைப்பாடு 1970களுக்குப் பின் அருங்காட்சியகப் பார்வையாளரை ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது. ஜான் ஃபாக், லின் டியர்க்கிங் ஆகியோர், அருங்காட்சியகத்தில் ஒருவர் கற்பது அவர் தம்மோடு கொண்டுவரும் முன்னறிவு, உடன் வருபவர்கள், அந்த இடத்தின் அமைப்பு ஆகிய மூன்றும் கலந்து விளைவது என்றனர். தமக்குப் பிடித்ததைத் தாமே தேர்ந்து பார்ப்பதே அங்குக் கற்றலின் இயல்பு என்பது இதன் உட்கிடை. ஜார்ஜ் ஹெய்ன் 1998இல் எழுதிய நூல், அறிவு என்பது கற்பவர் தாமே கட்டியெழுப்புவது என்னும் கட்டமைப்புவாதக் கொள்கையை அருங்காட்சியகத்துக்குப் பொருத்தியது.

இவர்களின் வாதம் முதலில் தாக்கியது பயிற்சித்தாளை. காட்சிப்பெட்டிகளின் குறிப்புப் பலகைகளைப் பார்த்து விடுபட்ட இடத்தை நிரப்பும் தாளோடு உள்ளே விடப்பட்ட மாணவர்கள், பொருளைப் பார்க்காமல் பலகையைப் படியெடுப்பதில் நேரத்தைக் கழிப்பர். முதலில் முடித்தவரிடமிருந்து மற்றவர் எழுதிக்கொள்வர். தமிழகப் பள்ளிகளில் தாள் இல்லாவிட்டாலும், ‘பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுது, நாளை கட்டுரை வேண்டும்’ என்ற கட்டளை அதே வேலையைச் செய்துவிடுகிறது.

இந்தத் திறனாய்வு நியாயமானது. ஆனால் இது முன்வைக்கும் மாற்று, அறுபது மாணவரும் மூன்று ஆசிரியரும் ஒன்றரை மணி நேரமும் கொண்ட ஒரு குழுவுக்கு அப்படியே பொருந்தாது. குடும்பத்தோடு வரும் குழந்தைக்குப் பக்கத்தில் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அருங்காட்சியகத்துக்கு இதற்குமுன் போயிராத வீட்டுக் குழந்தைக்குத் ‘தாராளமாகப் பார்’ என்ற சொல், எங்கே நிற்பது, எதைத் தொடலாம், யாரிடம் கேட்பது என்பவை தெரியாத தயக்கத்தையே தரக்கூடும். சுதந்திரம் பயன்பட முன்பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை இந்நிலைப்பாடு போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை எனலாம்.

பொருளை விசாரித்தல்

வரலாற்றைக் கற்பிப்பது என்பது வரலாற்றாளர் செய்யும் வேலையைச் சிறிய அளவில் மாணவரைச் செய்ய வைப்பது என்று சொல்லும் நான்காவது நிலைப்பாடு, வட்டார அருங்காட்சியகத்துக்கு மிக நெருக்கமானது. சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஆவணங்களைத் தேர்ந்த வரலாற்றாளர்களிடமும் நன்கு படிக்கும் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, அவர்கள் படிக்கும் முறையை ஒப்பிட்டது. மாணவர் ஆவணம் என்ன சொல்கிறது என்று பார்த்தனர். வரலாற்றாளரோ இதை யார், எப்போது, ஏன் உண்டாக்கினர் என்று முதலில் கேட்டு, வேறு சான்றுகளோடு ஒத்துப்பார்த்து, அக்காலச் சூழலில் வைத்து எடைபோட்டனர். எழுத்தாவணத்துக்குச் சொன்ன இந்த முறை மட்கலத்துக்கும் நாணயத்துக்கும் பொருந்தும்.

வெம்பக்கோட்டையில் கிடைத்தவற்றைக் கொண்டே இதை விளக்கலாம். அங்குச் சுடுமண் உருவங்கள், கண்ணாடி மணிகள், நுண்கற்கருவிகள், தங்க அணிகலன்கள் ஆகியவற்றோடு சங்கு வளையல்களும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ‘இது சங்கு வளையல்’ என்று சொல்லி நகர்ந்தால் அது முதல் நிலைப்பாட்டின் பாடம். கடலிலிருந்து இவ்வளவு உள்ளே அமைந்த ஊருக்குச் சங்கு எவ்வழியாக வந்தது என்று கேட்டால், மாணவரின் கண் வளையலை விட்டு நிலப்படத்துக்குப் போகும். மேற்கு மலையில் பிறந்து, விருதுநகர் மாவட்டத்தைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் கலக்கும் வைப்பாறு அங்கே தென்படும். கொற்கைக் கடற்கரையின் சங்கும் முத்தும் நினைவுக்கு வரும். முழு வளையல்கள் மட்டும் கிடைத்தனவா, அறுத்து எறிந்த சங்குத் துண்டுகளும் கிடைத்தனவா என்பது அடுத்த கேள்வி. கழிவுத் துண்டு கிடைத்திருந்தால் வளையல் அங்கேயே செய்யப்பட்டது என்று ஊகிக்க இடமுண்டு. இல்லையென்றால் செய்து முடித்த பண்டம் வந்திருக்கலாம். செய்தவர் யார், அணிந்தவர் யார், இருவரும் ஒரே தெருவினரா என்ற கேள்விக்கு வளையல் விடை சொல்லாது. விடை சொல்லாத இடம் எது என்று கண்டுகொள்வதும் வரலாற்றுக் கல்வியின் பகுதியே. வத்திராயிருப்பு வட்டாரத்தில் ஓடி இறங்கும் நீரும் இறுதியில் வைப்பாற்றோடு சேர்வதாகையால், இந்தக் கேள்வி மகாராஜபுரத்துக் குழந்தைக்குத் தன் ஊர் ஓடையிலிருந்தே தொடங்குகிறது.

இந்நிலைப்பாட்டுக்கு எதிராகச் சொல்லப்படுவன இரண்டு. காட்சிப்பெட்டியின் குறிப்புப் பலகையில் பொருளின் பெயரும் நூற்றாண்டும் மட்டுமே இருக்குமானால், எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்ற தகவல் இல்லாத நிலையில் விசாரணைக்கு வழியில்லை. அடுத்து, இத்தகைய கேள்விகளை நடத்திச் செல்ல ஆசிரியருக்கே முன்பயிற்சி வேண்டும். காப்பாட்சியர், அதாவது அருங்காட்சியகத்தின் பொருள்களுக்குப் பொறுப்பான அலுவலர், குழுவோடு அரைமணி நேரமேனும் இருக்க வேண்டும். இவை கொள்கையின் பிழைகள் அல்ல, நிறுவனங்களின் குறைகள் என்று வாதிடலாம். ஆயினும் பயணத்தைத் திட்டமிடுபவர் இருக்கும் நிறுவனத்தை வைத்துத்தான் திட்டமிட முடியும்.

பெருமிதமும் அதன் எல்லையும்

கீழடி அகழாய்வுக்குப் பின் தமிழகத்தில் இன்னொரு விடை வலுப்பெற்றுள்ளது. 2019இல் வெளியான ஆய்வறிக்கை அங்குள்ள பண்பாட்டு அடுக்கு ஒன்றை கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்ற பிறகு, பானை ஓட்டில் கீறப்பட்ட எழுத்தைக் காண மக்கள் திரள்திரளாகச் சென்றனர். அருங்காட்சியகப் பயணத்தின் நோக்கம் தன் மரபைப் பற்றிய பெருமிதத்தை ஊட்டுவதே என்ற கருத்து இயல்பாகவே பள்ளிகளிலும் இடம்பிடித்தது. நூற்றாண்டுக் காலம் தன் வரலாற்றைப் பிறர் நூல்களில் அடிக்குறிப்பாகவே கண்ட சமூகத்துக்கு இந்த உணர்வு அற்பமானதன்று. கீழடி மேட்டின்மீது முதலில் கவனம் ஈர்க்க முயன்றவர்களுள், 1970களில் மாணவர் வழியே கிடைத்த பொருள்களைத் துறையினரிடம் காட்டிய ஒரு பள்ளி ஆசிரியரும் இருந்தார் என்பது, பள்ளிக்கும் தொல்லியலுக்கும் உள்ள உறவுக்குத் தக்க சான்று.

எனினும் பெருமிதத்தையே முழு நோக்கமாகக் கொள்வதில் ஆபத்து உண்டு. எவ்வளவு பழமை என்ற ஒரே கேள்வி மற்றக் கேள்விகளை விழுங்கிவிடும். காலக்கணிப்பு பற்றிய அறிஞர் கருத்து வேறுபாடுகளை மாணவர் தம்மேல் விழுந்த தாக்குதலாகக் காணப் பழகிவிடுவர். அதைவிட முக்கியமானது, யாருடைய வரலாறு என்ற வினா. அரசரும் கோயிலும் தலைவர்களும் நிறைந்த காட்சிக்கூடத்தில், கண்மாய் தூர்வாரியவரும் தீப்பெட்டி ஒட்டியவரும் நூல் நூற்றவரும் அரிதாகவே தென்படுவர். சிவகாசியின் தீப்பெட்டித் தொழில் வளர்ந்த கதையில் தொழில்முனைவோரின் துணிவோடு குழந்தைகளின் உழைப்பும் இருக்கிறது. 1899ஆம் ஆண்டின் சிவகாசிச் சாதிக் கலவரமும் 1939இல் மதுரையில் நடந்த ஆலய நுழைவும் இவ்வட்டார வரலாற்றின் பகுதிகள். ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் முன்னோர் இந்நிகழ்வுகளில் வெவ்வேறு பக்கங்களில் நின்றிருக்கலாம் என்பதால் ஆசிரியர் தயங்குவது புரிந்துகொள்ளத் தக்கது. ஆனால் இவற்றைத் தவிர்த்துவிட்டுச் சொல்லப்படும் வட்டார வரலாற்றில் பாதிக் குழந்தைகள் தம்மைக் காணமாட்டார்கள். சான்றை விசாரிக்கும் பழக்கம் முன்பே உண்டாகியிருந்தால் இத்தகைய பகுதிகளைப் பகையின்றிப் பேச முடியும் என்ற கருத்து ஏற்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

பெருமிதம், விசாரணை ஆகிய இரு முனைகளுக்கும் நடுவே, இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் இயங்கிவந்துள்ள தொன்மைப் பாதுகாப்பு மன்றம் போன்ற முயற்சிகள் கவனத்துக்குரியவை. மாணவர்களே தம் சுற்றுப்புறத்தின் பானை ஓடுகளையும் கல்வெட்டுகளையும் தேடிக் கண்டு பதிவுசெய்யப் பழகும்போது, பெருமிதம் உழைப்பின் விளைவாகிறது.

அளந்து பார்த்தவர்கள் கண்டது

இவ்விவாதங்களில் பெரும்பகுதி நம்பிக்கையின் அடிப்படையில் நடந்தாலும், அளவீடுகள் சிலவும் உள்ளன. 1978இல் ஃபாக், மார்ட்டின், பாலிங் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, முற்றிலும் புதிய சூழலில் விடப்படும் குழந்தைகளின் கவனம் அச்சூழலுக்குப் பழகுவதிலேயே செலவாகி, கற்பிக்க எண்ணியதைக் கற்பது குறைகிறது என்று காட்டியது. அதன் தொடர்ச்சியாக வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சியகத்தில் நடந்த ஆய்வில், பாடக் கருத்துகளை முன்கூட்டிக் கேட்டவர்களைவிட, எப்படிப் போவோம், எங்கே சாப்பிடுவோம், என்ன வாங்கலாம் என்று குழந்தைகளின் கவலைகளுக்கு முன்கூட்டியே விடை பெற்றவர்கள் மிகுதியாகக் கற்றனர். பயணத்துக்கு முந்தைய நாள் ஆசிரியர் சொல்ல வேண்டிய முதல் செய்தி கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதாக இருக்கலாம் என இதிலிருந்து கொள்ளலாம்.

பெரிய அளவீடு ஒன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் திறக்கப்பட்ட கிறிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகத்தில் நடந்தது. விண்ணப்பித்த பள்ளிகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டதால், சென்றுவந்தவர்களையும் செல்லக் காத்திருந்தவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. 123 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 11,000 மாணவர்களிடம் திரட்டி 2014இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, ஏறத்தாழ ஒரு மணி நேர வருகையே புதிய படத்தை ஆராய்ந்து பேசும் திறனை உயர்த்தியது. சராசரி உயர்வு சிறியது. ஆனால் சிற்றூர்களிலிருந்தும் வறிய குடும்பங்கள் மிகுந்த பள்ளிகளிலிருந்தும் வந்தவர்களிடம் அது பன்மடங்காக இருந்தது. அந்த அருங்காட்சியகம் பேருந்துச் செலவையும் மதிய உணவையும் தானே ஏற்றது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கலை அருங்காட்சியகத்தில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு, வேறொரு நாட்டில் கண்ட முடிவை விருதுநகர் மாவட்டத்துக்கு அப்படியே நீட்டுவது சரியாகாது. ஆயினும் யாருக்கு இது மிகுதியாகப் பயன்படுகிறது என்ற திசையை அது காட்டுகிறது.

நாள், வண்டி, அனுமதி

கொள்கைகள் எதுவாயினும் பயணத்தின் வடிவத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வன சில எளிய காரணிகளே. அரசு அருங்காட்சியகங்களுக்கு வழக்கமாக வெள்ளிக்கிழமை விடுமுறை. பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் கல்வி அலுவலரின் அனுமதியும் பெறச் சில வாரங்கள் பிடிக்கும். பேருந்துக் கட்டணத்தை மாணவரிடம் வசூலிக்கும் பயணத்தில், பணம் கட்ட முடியாத குழந்தை அன்று வீட்டில் இருந்துவிடுகிறது. மேற்கண்ட ஆய்வின்படி மிகுதியாகப் பயன்பெறக்கூடியது அந்தக் குழந்தையே. பெண் குழந்தைகளின் வருகை, வழியில் நல்ல கழிப்பறை உண்டா, திரும்ப எத்தனை மணியாகும் என்பவற்றைப் பொறுத்திருக்கிறது. ஒரே நாளில் ஐந்து இடங்களைப் பார்க்கும் திட்டம் பெற்றோருக்குக் கொடுத்த பணத்துக்கு ஈடாகத் தோன்றினாலும், ஒவ்வோர் இடத்திலும் ஆசிரியருக்குத் தலை எண்ணுவதற்கே நேரம் போதும். விருதுநகரிலோ வெம்பக்கோட்டையிலோ ஒரே காட்சிக்கூடம், அதில் நான்கைந்து பொருள்கள், ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம், பின்னர் தாமாகச் சுற்றிவர அரை மணி என்ற அமைப்பு, மேலே கண்ட நிலைப்பாடுகளின் வலுவான பகுதிகளைப் பெரும்பாலும் தன்னுள் கொள்ளும். அதற்கு முன் இரண்டு வாரம் ஊருக்குள் தேடலும், பின் ஒரு வாரம் பள்ளிச் சுவரில் மாணவர் தாமே எழுதிய குறிப்புகளோடு சிறு காட்சியும் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

தீராமல் நிற்பவை

இவ்வளவு விவாதத்துக்குப் பின்னும் சில வினாக்கள் திறந்தே உள்ளன. பல ஆண்டுகளுக்குப் பின்னும் பள்ளிப் பயணத்தைப் பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கின்றனர் என்று ஃபாக்கும் டியர்க்கிங்கும் 1997இல் காட்டினர். அந்த நினைவு வரலாற்றைப் புரிந்துகொள்ளும் முறையை மாற்றியதா என்பது வேறு கேள்வி, அதற்கு உறுதியான விடை எங்கும் எட்டப்படவில்லை. அண்மை இடத்துக்குப் பலமுறை செல்வதா, தொலைவிடத்துக்கு ஒருமுறை செல்வதா என்பதும் முடிவாகவில்லை. இரண்டும் வேண்டும் என்பது எளிய பதில். ஆனால் ஒரு பள்ளியின் நாள்காட்டியிலும் பணப்பையிலும் பெரும்பாலும் ஒன்றுக்கே இடமிருக்கிறது. கசப்பான உள்ளூர் வரலாற்றை எந்த வயதில் எவ்வாறு காட்டுவது என்பது, கல்வியியலாளரோடு ஊராரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டியது.

இருக்கும் சான்றுகளைக் கொண்டு இவ்வளவு கூறலாம். சான்றை விசாரிக்கும் நிலைப்பாடு, அண்மையிலிருந்து தொடங்கும் நிலைப்பாட்டோடு சேரும்போது மற்றவற்றைவிட வலுவாக நிற்கிறது. பெருமிதம் அதன் விளைவாக வரும்போது நிலைக்கிறது, அதற்கு மாற்றாக வரும்போது மெலிகிறது. ஒருமுறைப் பயணமும் பயனுடையது, அதுவும் இதுவரை போகாதவருக்கே மிகுதியாகப் பயனுடையது. ஆகையால், மாவட்டத்தின் ஒவ்வொரு அரசுப் பள்ளி மாணவரும் பள்ளிப் பருவத்துக்குள் ஒருமுறையேனும் கட்டணமின்றித் தம் மாவட்ட அருங்காட்சியகத்துக்குச் சென்றுவரும் வண்டி ஏற்பாட்டைக் கல்வித் துறையும் அருங்காட்சியகத் துறையும் இணைந்து செய்வதே முதலில் நடக்க வேண்டியது. எந்தக் கொள்கையைப் பின்பற்றுவது என்ற விவாதம் அதன் பிறகும் தொடரலாம்.